அன்பின் பேரில் முட்டி போட்ட கதை

ஒரே சாயங்காலத்தில் நான்கு பேரைக் காட்டிக்கொடுத்தவள் நான். முதல் ஆள் நானேதான் என்பதால் என்னைத் துரோகி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பதினான்கு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து இருபத்தொன்றில் வெளியே வந்தேன். யாரும் துரத்தவில்லை. கன்னியராகவே வாழ்வேன் என்று வார்த்தைப்பாடு கொடுக்க ஒரு மாதம் இருக்கையில் மடத்துத் தலைவியான மதரிடம் போய், "எனக்குத் தேவ அழைப்பு இல்லை மதர், பொய்யாக வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்று நானே சொன்னேன். அதைச் சொல்லத் தைரியம் வர ஒன்றரை வருடம் ஆயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

எங்கள் ஊரான மாகறலில் அதற்குப் பெருமைப்பட ஆளில்லை. என் நைனா வயலில் கூலி வேலை செய்பவர். "எம் பொண்ணு சிஸ்டர் ஆவப் போறா" என்று ஏழு வருடம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், நான் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய மறுநாளிலிருந்து யார் கண்ணிலும் படாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனார். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னான்: "ஒரு வேலைய புடிச்சி நில்லு. இல்லேன்னா வாலாஜாபாத்துல ரெண்டாந்தாரமா ஒரு எடம் கீது, கட்டி வச்சிடுவேன்."

மடத்திலேயே ஆசிரியப் பயிற்சி முடித்திருந்ததால், உத்திரமேரூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் நிலைக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது.

வெளியுலகத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மடத்தில் ஊசி எடுக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கடைக்காரரிடம், "ஒரு சோப்பு வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கைகட்டிக் கேட்டேன். (அவர் தன் மனைவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.) மணி அடித்தால் பாதி எழுத்தில் பேனாவை வைத்துவிட வேண்டும் என்பதும் மடத்து விதி. தெருவில் ஐஸ்காரன் மணி அடிக்க, கரும்பலகையில் 'அம்மா' எழுதிக்கொண்டிருந்தவள் 'அம்' என்று நிறுத்திவிட்டேன். பிள்ளைகளும் பயபக்தியோடு 'அம்' என்று வாசித்தார்கள்.

இதெல்லாம் சில்லறை. பெரியது வெள்ளிக்கிழமைப் பழக்கம். வெள்ளிதோறும் சாயங்காலம் மதரைச் சுற்றி வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருத்தியாக முழங்காலில் நின்று அந்த வாரத்துத் தப்புகளைச் சொல்ல வேண்டும். பிறகு, மற்றவர்கள் சொல்ல மறந்த தப்புகளையும் எடுத்துக்கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் "அன்பின் பேரில் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை. ஏழு வருடம், ஒரு வெள்ளி தவறாமல்.

இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளிக்கு வந்தது, என் கெட்ட நேரம், வெள்ளிக்கிழமை.

பாடமெல்லாம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் எங்களைத் தன்னைச் சுற்றி வட்டமாக உட்காரவைத்து, "இந்த வருஷம் எப்படிப் போச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். தலைமை ஆசிரியரான பெரிய சார், "ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். கூட வேலை பார்த்த சரோஜா டீச்சரும் அதையே சொன்னார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "நீ புதுசு. பயப்படாம மனசு விட்டுச் சொல்லும்மா" என்றார்.

வெள்ளி. சாயங்காலம். வட்டம். நடுவில் பெரியவர். என் முழங்கால் என்னைக் கேட்கவில்லை, தானாக மடங்கிவிட்டது.

"இரண்டு சாக்பீஸை உடைத்தேன். கணக்குப் பாடத்தில் சத்தமாகச் சிரித்தேன். மணி அடிக்கும் முன்னே கொய்யாப்பழம் தின்றேன்." இதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழு வருடப் பயிற்சி விடவில்லை. "அன்பின் பேரில் சொல்கிறேன். பெரிய சார் மதியம் இரண்டு மணிக்குத் தூங்கினால் மூன்றுக்குத்தான் எழுவார். சரோஜா டீச்சர் வகுப்பில் பூக்கட்டுகிறார். இன்ஸ்பெக்டர் ஐயா வரும்போது, 'எச்சில் துப்பாதே' என்று பிள்ளைகள் எழுதிய சுவரிலேயே வெற்றிலை எச்சிலைத் துப்பினார்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளின் குரல் கேட்டது.

"டேய், டீச்சர முட்டி போட வச்சிட்டாங்கடா."

"இன்னா தப்பு பண்ணாங்க?"

"வூட்டுப்பாடம் எழுதலே போல கீது."

பெரிய சாரின் முகம் சாக்பீஸ் ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தார். "எழுந்திரும்மா" என்று மட்டும் சொல்லி வெளியே போனார். பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, தானே அந்தச் சுவரைக் கழுவிவிட்டு, சைக்கிள் ஏறினார்.

வேலை போயிற்று என்றே வீட்டுக்கு நடந்தேன். வாலாஜாபாத் மாப்பிள்ளையின் மீசை எப்படி இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன். வீட்டில் அழுதுகொண்டே நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "இன்ஸ்பெக்டரையுமா சொன்னே?" என்றார்.

"ஆமா நைனா."

"மூஞ்சிக்கு நேராவா?"

"முட்டி போட்டுக்கினு."

நைனா சிரித்தார். நான் திரும்பி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான் முதல்முறை. வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் நேர்வழியாகவே வேலைக்குப் போனார். போகிற வழியெல்லாம், "எம் பொண்ணு கீதே, இன்ஸ்பெக்டரையே சொவுரு கழுவ வச்சிட்டா" என்று அவரே சொல்லிக்கொண்டு போனாராம்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. வேலை நிலைத்துவிட்டது. கீழே ஒரு குறிப்பு: 'ஆசிரியை உண்மை பேசுபவர். மண்டியிடத் தேவையில்லை என அறிவுறுத்தவும்.' அதைப் பெரிய சார்தான் எனக்குப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. (அதன் பிறகு அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் மதியத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தினார்.)

முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். என் வகுப்பில் ஒரு பிள்ளையும் முட்டி போட்டதில்லை. மாதா கோயிலைத் தவிர வேறெங்கும் நானும் போட்டதில்லை. வீட்டில் என் கணவரும் பிள்ளைகளும் குழம்பில் உப்பில்லை என்று நேராகச் சொல்லமாட்டார்கள். "அன்பின் பேரில் சொல்றோம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

போன வாரம் என் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது. மெல்ல முட்டி போட்டுக் குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். வாசற்படியிலிருந்து மகள் கேட்டாள்:

"இன்னாம்மா, இந்தத் தடவ யார மாட்டி வுடப் போறே?"