வேனுக்கு வலது எது

திறந்து பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். மிக்ஸி நின்றுபோனால் அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிற சாதாரண மனிதர்களைப் பார்த்து இவர் பரிதாபப்படுவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் வைத்திருப்பார். பேனாவை இரவல் கேட்டால் கொடுப்பார், டெஸ்டரைக் கொடுக்கமாட்டார். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அவன் பையை இறக்கி வைப்பதற்குள் ஸ்டூலின் மேல் தான் ஏறிக்கொண்டு, கரண்ட் என்பது குழாய்த் தண்ணீர் மாதிரிதான் என்று அவனுக்கே பாடம் எடுத்து, கடைசியில் அவனை டார்ச் பிடிக்க வைத்து அனுப்புவார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு இரண்டு ஸ்குரூ மிஞ்சும். மிஞ்சினால் என்ன? கம்பெனிக்காரன் தாராளமாகப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த இனத்தில் திருப்பதி வெங்கடராகவன் உயர்ந்த ரகம். இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் கோயில் கைங்கரியம் தலைமுறை தலைமுறையாக வருவது. காலையில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவித்துவிட்டு வந்தால், மீதிப் பொழுதெல்லாம் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். அவர் மனைவி யதுகிரி, வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் அதை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கப் பழகிக்கொண்டாள். பாவம், கிரைண்டர் ஒருமுறை ஒரு மாதம் கட்டிலடியில் கிடந்தது.

ஆனால் காரை எங்கே ஒளிப்பது?

அந்தச் சின்ன ஆரஞ்சு நிறக் கார் யதுகிரியுடையது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டிரைவிங் கற்றுக்கொண்டு, 'இந்த வயசில் எதுக்கு' என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அதே காரில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சந்திரகிரிக் கோட்டையைக் காட்டிவிட்டு வந்தவள் அவள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுக்கு முதுகுவலி தெரியாது. அந்தக் காரை அவளைத் தவிர யாரும் ஓட்டியதில்லை.

இந்த நிலையில்தான் வெங்கடராகவன் ஒரு பழைய டெம்போ வேனை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சிங்க், ஒரு அடுப்பு என்று போட்டுக் கேரவனாக மாற்றினார். வெளியில் சாப்பிடும் வழக்கமில்லை, திவ்யதேசங்களையெல்லாம் சேவிக்க வேண்டும், அதனால் தளிகையறையும் கூடவே வரட்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். சிக்கல் என்னவென்றால், திவ்யதேசங்களின் சன்னிதித் தெருக்கள் கேரவனை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. தெருமுனையில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போக ஒரு சின்ன வண்டி வேண்டும்.

"நான் என் காரைப் பின்னாலேயே ஓட்டிண்டு வரேனே, ஏன்னா" என்றாள் யதுகிரி.

"ஒரே ஆத்துக்காரா ரெண்டு பேரும் ரெண்டு வண்டி ஓட்டறதா? அதுல லாஜிக்கே இல்லை. உன் வண்டியை இழுத்துண்டு போயிடலாம். நீ என் பக்கத்துல ஹாயா உக்காந்துக்கோ."

ஹாயாக உட்காருவது என்றால் என்னவென்று யதுகிரிக்குத் தெரியும். அவர் ஓட்டும்போது பாட்டில் மூடியைத் திறந்து கொடுப்பதும், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும்தான் அது. இந்த முறை தலையாட்டினால், இனி எந்த ஊருக்கும் அவள் கார் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டியாகத்தான் போகும் என்பதும் தெரிந்தது. இருந்தும் ஆட்டினாள். இத்தனை வருஷப் பழக்கம் கழுத்தில் இருக்கிறது.

இரும்புக் கம்பியால் வேனோடு பூட்டி இழுத்துக்கொண்டு போகிற கார் சும்மா வந்தால் போதாது. முன்னால் போகிற வேன் பிரேக் போட்டால் அதன் பின்விளக்கும் எரிய வேண்டும், வேன் திரும்பினால் அதுவும் கண்ணடிக்க வேண்டும். அதற்கு வேனிலிருந்து காருக்கு ஒயர் இழுத்து, நடுவில் ஒரு பிளக் வைத்து, வேனின் கரண்ட் காரின் பின்விளக்கை எரித்துவிட்டு உள்ளே வேறெங்கும் புகுந்து விளையாடாமல் இருக்க டயோடு என்று ஒரு சின்னச் சாமானும் போட வேண்டும். திருப்பதியில் இவரை உள்ளே விடுகிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாரும் மிச்சமில்லை. ஆகவே சித்தூர். கடைக்காரர் பெயர் செங்கல்வராயன், நகரிப் பக்கத்துக்காரர். இவரைப் பற்றி இன்னும் கேள்விப்படாதவர்.

"இன்னா வேலைன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வாங்க சாமி, நா முடிச்சு வச்சுக்கினு இருக்கறேன்" என்றார் செங்கல்வராயன்.

சாமி போகவில்லை. வேனுக்கும் காருக்கும் நடுவே நின்றுகொண்டு, வேனின் பின்பக்கத்தைப் பார்த்து, தானே ஒவ்வொரு ஒயராகப் பிடித்து 'வ', 'இ' என்று காகிதம் ஒட்டினார். செங்கல்வராயன் ஒட்டியபடி கட்டினார். பிறகு சோதனை. வெங்கடராகவன் வேனில் ஏறி உட்கார்ந்தார். யதுகிரி காருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வலது போட்டிருக்கேன். எரியறதா?"

"எரியறது. ஆனா இடது எரியறது."

வெங்கடராகவன் இறங்கி வந்தார். கோபமில்லை. விஷயம் தெரியாதவர்களிடம் அவர் கோபப்படுவதில்லை, விளக்குவார். அது இன்னும் மோசம்.

"பெருமாள் சன்னிதியில ஸ்ரீதேவி எந்தப் பக்கம்?"

"பெருமாளுக்கு வலது பக்கம்."

"உனக்கு?"

"எனக்கு இடது."

"அவ்வளவுதான். எதிர்ல நிக்கறவாளுக்கு இடதுன்னா, அதுக்கு வலது. வேனுக்கு எது வலதுன்னு வேன்தான் சொல்லணும், நீ சொல்லப்படாது. அப்படித்தான் நான் மார்க் பண்ணியிருக்கேன்."

யதுகிரி வேனின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்.

"பெருமாள் நமக்கு முகத்தைக் காட்டிண்டு நிக்கறார். இது முதுகைன்னா காட்டிண்டு நிக்கறது!"

"முதுகானா என்ன? சாஸ்திரம் ஒண்ணுதான்."

செங்கல்வராயன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மார்க்கு பண்ணது சாமி, கட்டுனது நானு. அதுக்கு மேல உங்க ஊட்டு விசயம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். யதுகிரி தன் காரின் கதவை ஒருமுறை கையால் தடவிவிட்டு, வேனில் ஏறி, ஹாயாக உட்கார்ந்தாள்.

அன்றைக்கே திருப்பதி வழியாக நாராயணவனம் போய்க் கல்யாண வெங்கடேசரைச் சேவிப்பதாக ஏற்பாடு. பாகாலா தாண்டும்வரை ரோடு நேராக இருந்ததால் சாஸ்திரத்துக்குச் சோதனை வரவில்லை. சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கம் ஒரு மர நிழலைக் கண்டு, அங்கே நிறுத்தித் தயிர்சாதம் சாப்பிடலாம் என்று வெங்கடராகவன் வலது இண்டிகேட்டரைப் போட்டார். வேன் வலது பக்கம் கண்ணடித்தது. ஆனால் அந்த விளக்கைப் பின்னால் ஒட்டி வந்த கார் மறைத்துக்கொண்டிருந்தது. கார் இடது பக்கம் கண்ணடித்தது. பின்னால் வந்துகொண்டிருந்த பால் வேன்காரன், முன்னே போகிறவர் இடது பக்கம் ஒதுங்குகிறார், மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்து வலது பக்கமாக முந்தினான். அதே நேரத்தில் மரியாதை தெரிந்த மனிதர் வலது பக்கம் திரும்பினார்.

பெரிய சத்தமில்லை. நீளமாகத் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். யதுகிரிக்கு அது காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது.

இறங்கி ஓடினாள். யாருக்கும் அடியில்லை. காரின் டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் நசுங்கி, ஆரஞ்சுப் பெயிண்ட் உரிந்து, கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. பால் வேனிலிருந்து ஓர் இளைஞன் குதித்தான்.

"ஏமண்டி இதி!" என்று தெலுங்கில் ஆரம்பித்தவன், இவர்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்தான். பாலசமுத்திரத்துக்காரன், பெயர் தமிழ்வேந்தன். "இன்னா சாமி, லெப்டு லைட்டு போட்டுக்கினு ரைட்டுல திரும்புறியே, ஞாயமா?"

"லைட் சரியாத்தான் சொல்லித்து. நீ பின்னாலேருந்து பார்த்தா உனக்கு அப்படித்தான் தெரியும்" என்றார் வெங்கடராகவன்.

"பின்னால வர்றவன் பின்னாலேர்ந்து பாக்காம வேற எங்கேர்ந்து பாப்பான்?"

இதற்கு வெங்கடராகவனிடம் பதில் இருந்தது. விளக்குவதற்காக அவனைத் தோளில் பிடித்து வேனின் பின்பக்கமாகத் திருப்பவும் செய்தார். ஆனால் அதற்குள் யதுகிரி குறுக்கே வந்தாள்.

"தம்பி, இந்த இரும்பைக் கழட்ட ஒரு கை கொடு."

"என்ன பண்றே?" என்றார் வெங்கடராகவன்.

"அந்த பிளக்கையும் பிடுங்குப்பா" என்றாள் அவள், கணவரைப் பார்க்காமலே. தமிழ்வேந்தன் கழற்றினான், பிடுங்கினான். நசுங்கிய கதவு திறக்கவில்லை. யதுகிரி மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுத்த பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி நகர்ந்து தன் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்தாள். கார் ஒரே முயற்சியில் உயிர் பெற்றது. இண்டிகேட்டரைப் போட்டு ரோட்டில் ஏறிப் போயே போய்விட்டாள்.

வெங்கடராகவன் அவசரமாக வேனைக் கிளப்பிப் பின்னால் போனார். ஐந்து நிமிஷம் பொறுத்துப் போன் செய்தார். வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றே நினைத்தாள். எவ்வளவு நல்ல மனசு!

"கவனிச்சியா?" என்றார். "நீ திரும்பினப்போல்லாம் இண்டிகேட்டர் சரியான பக்கம் பக்காவா எரிஞ்சுது. இன்னிக்கு நான் போட்ட ஒயரிங்கில ஒரு தப்பு சொல்லச் சொல்லு பார்ப்போம்!"

எரிந்தது காரின் சொந்த ஒயரிங்; அவருடையதைத்தான் பிளக்கோடு பிடுங்கியாயிற்றே. யதுகிரி போனை அணைத்து டேஷ்போர்டில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. நாராயணவனம்வரை அவள்தான் முன்னால் போனாள்.

அன்றிலிருந்து அவர்கள் யாத்திரை அப்படித்தான் நடக்கிறது. முன்னால் கதவு மாற்றிய ஆரஞ்சுக் கார், பின்னால் அடுப்போடு வேன். கோஷ்டியில் யாராவது விசாரித்தால், "அவளை முன்னாடி விட்டுண்டு போறதுதான் சேஃப்டி. நான்தான் பிளான் பண்ணினேன்" என்பார் வெங்கடராகவன். யதுகிரி மறுப்பதில்லை. மறுப்பதற்கு என்ன இருக்கிறது? ஓட்டுவது அவள்.

நிற்க. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் நடுவில் எழுந்து, எதிரிலிருந்த ஃபிரிட்ஜை வேனாக நினைத்துக்கொண்டு, கையை நீட்டி எது வலது எது இடது என்று ஒருமுறை சரிபார்த்தீர்கள் அல்லவா? அதில் தப்பில்லை; யாரும் செய்வதுதான். சரிபார்த்து முடித்ததும், அந்த மனிதர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, எழுதினவருக்குத்தான் அது புரியவில்லை என்று தோன்றியதா? அப்படியானால் தயவுசெய்து அந்த ஃபிரிட்ஜை விட்டுக் கொஞ்சம் தள்ளி வாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள்.