மாடு மேயாத மைதானம்

"மாட்டைப் பிடிச்சுண்டு போடீங்கறேன், காது கேக்கலையா உனக்கு?"

ஓவர்சியர் கல்யாணராமன் குடையை ஓங்கிக்கொண்டு கத்தினார். பொன்னம்மை அசையவில்லை. மைதானத்தின் ஓரத்தில் அவளுடைய மாடுகள் மழைக்காற்றில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

"நேத்து எனக்க கன்னுக்குட்டியை மாட்டுப் பவுண்டில கொண்டு அடைச்சீங்களே சாமி, அப்போ எனக்குக் காது நல்லாக் கேட்டுது. அது அம்மேன்னு கரைஞ்சது இப்பவும் கேக்கு."

கல்யாணராமனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வலியசாலை வீட்டிலிருந்து கிளம்பும்போதே கோபம்தான். காபியில் சர்க்கரை இல்லை. பஸ் கண்ணெதிரே போய்விட்டது. இங்கே வந்தால் இவள்.

மைதானம் என்பதே மரியாதைக்குச் சொல்வது. நெடுமங்காடு ரோட்டோரம் ஒரு பாறைக்கும் ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்ட புல்தரை. பாறைப் பக்கமிருந்து இறங்கும் விமானம் தோட்டத்துக்குள் போவதற்குள் நிற்க வேண்டும். தோட்டத்துப் பக்கமிருந்து இறங்கினால் பாறையில் மோதுவதற்குள் நிற்க வேண்டும். இந்த ஊருக்கு விமானம் விடலாமா என்று பார்க்க பம்பாய்க் கம்பெனியின் துரை இன்று சின்ன விமானத்தில் வருகிறார். "வந்தவர் இறங்காமல் திரும்பிப் போனால் நீர் பொன்முடி மலை ரோட்டுக்குப் போகலாம். அங்கே ரத்தம் குடிக்கிற அட்டைகள் உமக்காகக் காத்திருக்கின்றன" என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார்.

அப்போது சத்தம் கேட்டது.

பாறைக்கு மேலே மஞ்சள் நிற விமானம் ஒன்று எட்டிப் பார்த்தது. தாழ்ந்து வந்து, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உயர்ந்தது.

"பாத்தியா? உன் மாட்டைப் பாத்துட்டுத்தான் இறங்காம போறான்!"

"ஓரமாத்தானே நிக்குது? அதுக என்ன, ஏரோப்ளேனையா திங்கப்போகுது?"

கல்யாணராமன் அதற்குமேல் பொறுக்கவில்லை. குடையைப் படாரென்று விரித்து, "ஹேய்! ஹேய்!" என்று மாடுகளின் மேல் பாய்ந்தார். அதுவரை ஓரத்தில் நின்றவை மிரண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, நேராக மைதானத்தின் நடுவில் போய் விழுந்தன. அதே சமயம் இறங்க வந்த விமானம் அலறிக்கொண்டு மேலே எழும்பியது. அது கிளப்பிய காற்றில் கல்யாணராமனின் தலைப்பாகை பறந்தது. குடை மேல்பக்கமாக மடங்கிப் பூவாக விரிந்து கையோடு நின்றது.

அவர் குடையைத் தரையில் அடித்தார். காலால் மிதித்தார். பிறகு பொன்னம்மையிடம் வந்தார்.

"நீ கூப்பிட்டா வருமா?"

"வரும். மொதல்ல கன்னுக்குட்டிக்கு மன்னிப்புக் கேளுங்க."

"என்னது?"

ஆகாயத்தில் விமானம் மறுபடி திரும்பிக்கொண்டிருந்தது. கல்யாணராமனுக்குப் பொன்முடி தெரிந்தது. அட்டைகள் தெரிந்தன.

"தப்புதான்! போதுமா? தப்பு, தப்பு, தப்பு! கூப்பிட்டுத் தொலை!"

"இது மன்னிப்பா சாமி? வையுறது மாதிரில்லா இருக்கு?"

"எனக்கு இப்படித்தாண்டி வரும்!"

போனால் போகிறதென்று பொன்னம்மை நாலு எட்டு எடுத்து வைத்து, வாயில் கையைக் குவித்து, "ம்பா... வாங்க மக்களே!" என்று நீளமாகக் குரல் கொடுத்தாள். விமானச் சத்தத்தில் திசைக்கொன்றாக ஓடியிருந்த மாடுகள் எல்லாம் சமர்த்தாக அவளைச் சுற்றி வந்து நின்றன. அவள் நின்ற இடம் மைதானத்தின் நட்டநடு.

"அங்கே ஏண்டி கூப்பிட்டே? நடுவிலேயா?"

"எங்கேன்னு சாமி சொல்லல்லையே?"

மூன்றாம் முறையும் விமானம் எழும்பியது. மேல்மூடி இல்லாத முன் ஆசனத்திலிருந்து துரை கைமுஷ்டியை ஆட்டினார். ஆட்டிய வேகத்தில் அவர் தொப்பி கழன்று கீழே விழுந்தது. ஒரு மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று விட்டது.

கல்யாணராமனுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. மைதானத்துக்கு வெளியே துரைக்காகப் போட்டிருந்த பந்தலுக்குள் ஓடினார். அங்கே தட்டில் இருந்த ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, முன்னால் நின்ற செவலைப் பசுவின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"வாடி என் மகாலக்ஷ்மி! தின்னு! துரைக்கு வாங்கினதுதான், நீயே தின்னு!"

செவலை நாக்கை நீட்டியது. அவர் பின்பக்கமாகவே நடந்தார். அது முன்னால் வந்தது. அதன் பின்னால் மற்றவை வந்தன. எல்லாவற்றையும் பந்தலுக்குள் கொண்டுபோய் விட்டு, வாசலில் பெஞ்சைக் குறுக்கே போட்டார். உள்ளே மாடுகள் மாலையை முடித்து, வாழைப்பழச் சீப்புக்குப் போய், தோரணத்தில் கை வைத்தன. தின்னட்டும். மைதானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு வால்கூட வெளியே இல்லை.

கல்யாணராமன் மூச்சு வாங்க நின்று, வெற்றியோடு இரண்டு கைகளையும் வீசினார்.

விமானம் ஒரு முறை சுற்றியது. இரண்டு முறை சுற்றியது. எதையோ தேடுவதுபோல் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. கடைசியில் பாறைப் பக்கமிருந்து சரிந்து வந்து சக்கரத்தைப் புல்லில் வைத்தது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணராமன் விரித்த கையை மடக்கவில்லை. விமானம் அவரைத் தாண்டி, வேலியைப் பிய்த்துக்கொண்டு மரச்சீனித் தோட்டத்துக்குள் புகுந்து, மூக்கை மண்ணில் குத்தி, வாலை ஆகாயத்தில் நிறுத்தியது.

அவரும் பொன்னம்மையும் ஓடினார்கள். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. துரை ஒரு மரச்சீனி மேட்டின்மேல் உட்கார்ந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பிக்கொண்டிருந்தார். விமானி ஞானசிகாமணி, பாளையங்கோட்டைக்காரர், கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு எரிக்கிற பார்வையோடு வந்தார்.

கல்யாணராமன் முந்திக்கொண்டார். "சார், எல்லாம் இந்தப் பொம்மனாட்டியாலே வந்த வினை! இவளை லாக்கப்பிலே போடணும்! இவ மாடுதான் மூணு தடவையும் உங்களை இறங்க விடலை. ஒரு மாடு பாக்கி விடாம விரட்டி, உங்களுக்கு இடம் பண்ணிக் கொடுத்தது நான்தான்!"

"ஓ, அது நீருதானா?" ஞானசிகாமணி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "காத்து எந்தப் பக்கம்னு காட்ட, கம்பத்துல காத்துப்பைன்னு ஒண்ணு கெடையாது. எதிர்காத்துல இறங்கினாத்தான் ஏரோப்ளேன் நிக்கும். மேல ஒரு காத்து, பாறைக்குக் கீழ வேற காத்து. காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஓரமா நின்னுச்சே மாடுக, அதுகளைப் பாத்துத்தானவே எந்தப் பக்கமிருந்து இறங்கணும்னு நான் கண்டுபிடிச்சு வந்தேன்!"