காபிக் கசடில் ஓடிய குதிரை

பெய்ரூட் பந்தயத் திடலுக்கு வெளியே, பைன் மரங்களின் நிழலில் ஒரு காபிக் கடை. ஞாயிறு காலையில் அதன் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவன், உள்ளே யாரோ இலவசமாக அறிவு வழங்குகிறார் என்றுதான் நினைத்திருப்பான். நடந்தது நேர்மாறு. கையிலிருந்த கொஞ்சத்தையும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

வாங்கியவர் பெயர் உஸ்தாத் ஸவ்வான். பாக்தாதிலிருந்து வந்த மகான் என்றார்கள். பாக்தாத்காரர்களைக் கேட்டால், அலெப்போவிலிருந்து வந்தவர் என்றார்கள். மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி. விரலுக்கு ஒரு மோதிரம். கல்யாணம், பிள்ளைப்பேறு, வழக்கு என்று மனிதர்களின் விதியைப் பார்ப்பதெல்லாம் அவருக்குச் சில்லறை வேலை. அவர் பார்த்தது குதிரைகளின் விதி.

பக்தன் காபியைக் குடிப்பான். கோப்பையைத் தட்டில் கவிழ்ப்பான். கசடு வழிந்து காய்ந்ததும் உஸ்தாத் அதை நிமிர்த்துவார். உள்ளே மற்றவர்களுக்குத் தெரிந்தது காபிக் கசடு. அவருக்குத் தெரிந்தது நான்கு கால், ஒரு வால், அதன் மேல் ஒரு ஜாக்கி. ஜாக்கியின் சட்டை நிறத்தில் ஒரு பட்டு நாடாவை எடுத்து பக்தனின் கையில் திணிப்பார். காதருகே குனிந்து சொல்வார்:

"இதைக் கோட்டுக்கு உள்பக்கம் குத்திக்கோ. உன் குதிரை எதுன்னு பெத்த தாய்கிட்டகூடச் சொல்லாதே. சொன்னா கண்ணு பட்டுடும். கண்ணு பட்ட குதிரை முன்னங்கால் மடிஞ்சு விழும்."

யாரும் சொல்லவில்லை. வாங்குகிற சம்பளத்தை ஊர் முழுக்கச் சொல்கிறவன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதையைச் சந்தி முழுக்கச் சொல்கிறவன், இந்த ஒரு நாடாவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கண் படுவது என்றால் அந்த ஊருக்கு அவ்வளவு பயம். பால்காரன் கழுதைக்குக்கூடத் திருஷ்டி படாமலிருக்க நீலப் பாசிமணி கட்டுகிற ஊர் அது.

பந்தயம் முடிந்ததும் சிலர் கோட்டைக் கழற்றி, நாடாவை ஆட்டிக்கொண்டு உஸ்தாதைத் தோளில் தூக்குவார்கள். மற்றவர்கள் தலையைத் தொங்கப் போட்டு வீட்டுக்குப் போவார்கள். தைரியமாகக் கேட்க வந்தவனுக்கும் பதில் தயாராக இருக்கும். "பொண்டாட்டிகிட்டச் சொன்னியா?" கல்யாணமாகாதவனிடம், "தூக்கத்துல உளறியிருப்பே." தூக்கமே வராதவனிடம், "மனசுல நினைச்சிருப்பே." மனதில் நினைக்காமல் எப்படிப் பணம் கட்டுவது என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்த வரிசையில் ஏன் நிற்கிறான்?

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்து முகம் சுளித்தவர் வதீஹ். ஊர் அவரை மரியாதையாக எஃபெந்தி என்று அழைக்கும். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர். இந்தத் திடலில் எடைப் பந்தயங்களுக்கு எடை வைத்தவர் அவர்தான். நல்ல குதிரையின் சேணத்தில் ஈயக்கட்டி அதிகம், நோஞ்சானுக்குக் குறைவு. எல்லாக் குதிரையும் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. ஓட்டம், தரை, வயது, போன பந்தயத்தில் மூச்சு வாங்கிய விதம், எல்லாவற்றையும் பார்த்துத்தான் எடை போடுவார். அவர் அந்தப் பதவியில் இருந்தவரை அவர் வீட்டுக் குதிரை ஒன்றும் திடலில் கால் வைக்கவில்லை. "எடை போடுற கையும் லகானைப் பிடிக்கிற கையும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பதவியைவிட்டு இறங்கிய பிறகுதான் வீட்டுப் பெண்குதிரை ஷஹ்லாவை ஓடவிட்டார்கள்.

ஷஹ்லா வெறும் குதிரையல்ல. அதன் தாய், தாயின் தாய் என்று தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு லாயத்தில் பிறந்தவை. பஞ்சத்தில் நிலத்தை விற்றார்கள், குதிரையை விற்கவில்லை. அப்படிப்பட்ட குதிரையைத்தான் தம்பி நஸீப் காபிக் கடையில் தாரை வார்த்துவிட்டு வந்திருந்தான். மூன்று ஞாயிறு தொடர்ந்து அவன் நாடா ஜெயித்துவிட்டது. தலை கிறுகிறுத்து, கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று சொல்லியிருக்கிறான்: "கோப்பையில குதிரையைக் காணுற கண்ணுக்கு என் ஷஹ்லா காணிக்கை! வர்ற ஞாயிறு பெரிய பந்தயத்துக்கு முன்னாடி, திடல்லயே கயித்தைக் கையில தர்றேன்!"

லாயத்தில் அண்ணன் தம்பியை மடக்கினார்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"அண்ணா, வார்த்தை குடுத்துட்டேன்."

"யாருக்குடா குடுத்தே?"

"ஊருக்கு முன்னாடி குடுத்தேன். இப்ப இல்லேன்னா நம்ம அப்பா பேர் என்னாகும்? நீங்களே சொல்லுங்க."

அந்த வீட்டில் கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கியவன் கிடையாது. குதிரை போனால் மானம் போகும். வார்த்தை போனாலும் மானம் போகும். நல்ல சிக்கலைத்தான் இழுத்துவைத்திருந்தான் தம்பி. ஆனால் அவன் கொடுத்த வார்த்தையை அண்ணன் இன்னொரு முறை மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். கோப்பையில் குதிரையைக் காணும் கண்ணுக்கு. சரி. காண்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

ஞாயிறு காலை அவரும் வரிசையில் நின்றார். கூட்டம் வாயைப் பிளந்தது. உஸ்தாத் எழுந்தே விட்டார்.

"எஃபெந்தி! நீங்களுமா? என் பாக்கியம்!"

"எல்லாரும் குடிக்கிற காபி எப்படித்தான் இருக்குன்னு பார்க்க வந்தேன்."

காபியில் ஏலக்காய் அதிகம், காபி குறைவு. கோப்பையைக் கவிழ்த்தார். உஸ்தாத் கறுப்புக் கண்ணாடியை இரண்டு தரம் ஏற்றி இறக்கினார். பிறகு ஒரு வெள்ளை நாடா. அதே கிசுகிசுப்பு, அதே கண் திருஷ்டி.

வெளியே வந்ததும் நஸீபின் கோட்டைப் பிடித்துத் திருப்பினார். உள்பக்கம் சிவப்பு நாடா.

"எனக்கு வெள்ளை. உனக்குச் சிவப்பு. ஒரே பந்தயம்டா."

"நீங்க சந்தேகத்தோட குடிச்சிருப்பீங்க அண்ணா. அதான் கோப்பை உங்களுக்குத் தப்பாக் காட்டியிருக்கு."

பெரியவர் பல்லைக் கடித்தார். மூடநம்பிக்கைக்கு ஒரு வசதி. தப்பு எப்போதும் குடித்தவன் மேல்தான், ஊற்றியவன் மேல் வராது. இரண்டு நாடா போதாது என்று புரிந்தது. எல்லா நாடாவும் ஒரே இடத்தில் வெளியே வர வேண்டும். நேராக லாயத்துக்குப் போய் ஷஹ்லாவின் நெற்றியில் பெரிய நீல மணி ஒன்றைக் கட்டினார். தன் வாழ்நாளில் எந்தக் குதிரைக்கும் அதைக் கட்டாதவர். கட்டும்போது அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகமாக இருந்தது.

மதியம் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் வளாகத்தில் கூட்டம் முண்டியடித்தது. பந்தயத்தில் ஒன்பது குதிரைகள், ஷஹ்லா அவற்றில் இல்லை. அவை தொடக்கக் கோட்டை நோக்கிக் கிளம்பிவிட்டன. பணம் கட்டும் ஜன்னல்கள் மூடிய மணி அடித்தது. நஸீப் ஷஹ்லாவைக் கயிற்றோடு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். உஸ்தாத் கையை நீட்டினார். மோதிரங்கள் மின்னின.

"கொஞ்சம் பொறுங்க, உஸ்தாத்." வதீஹ் எஃபெந்தியின் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "எங்க வீட்டுப் பெண்குதிரை இன்னொரு வீட்டுக்குப் போனா மணப்பெண் மாதிரித்தான் போகும். வந்தவங்க ஆளுக்கு ஒரு நகை கட்டி அனுப்புறது எங்க வீட்டு வழக்கம். இன்னைக்கு இவங்க எல்லார்கிட்டயும் நீங்க குடுத்த பட்டு நாடா இருக்கு. அதைவிட நல்ல நகை வேற என்ன?"

உஸ்தாதின் கை காற்றிலேயே நின்றது.

"வேண்டாம்! வேண்டாம்! பந்தயம் முடியறதுக்கு முன்னாடி நாடாவை வெளியே எடுத்தா கண்ணு பட்டுடும்!"

"நெத்தியில நீல மணி கட்டியிருக்கேனே. இவ்ளோ பெரிய மணியை மீறி வர்ற கண்ணு எந்த ஊர்க் கண்ணு? இல்ல, நீல மணி மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா உஸ்தாத்?"

நீல மணி மேல் நம்பிக்கை இல்லை என்று அந்தக் கூட்டத்தின் நடுவே சொல்லிவிட்டு முழு எலும்போடு யார் வெளியே போக முடியும்? கூட்டம் பாய்ந்தது. மகானுக்குப் போகும் குதிரைக்கு நகை பூட்டும் பாக்கியம்! முதலில் நஸீப் தன் சிவப்பைப் பிடரியில் கட்டினான். கசாப்புக் கடை ஹம்தி பச்சையைக் கட்டினான். சட்டம் படித்த வக்கீல் இல்யாஸ், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஊதாவைக் கட்டினார். மஞ்சள் வந்தது. நீலம் வந்தது. மறுபடியும் பச்சை, மறுபடியும் மஞ்சள். கோடு போட்டது, புள்ளி வைத்தது, கறுப்பு. கடைசியில் பெரியவரின் வெள்ளை.

ஹம்திதான் முதலில் கவனித்தான்.

"ஏய், நீ எதுக்கு மஞ்சள் கட்டுறே? ஜெயிக்கப் போறது பச்சைடா."

"யார் சொன்னா? உஸ்தாத் எனக்கு மஞ்சள்னுதான் சொன்னார்."

"எனக்குக் கறுப்புன்னாரே!"

"உன் வாயைக் கழுவு. ஊதாதான்!"

எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள். ஷஹ்லா திருவிழாப் பந்தலாக நின்றது. பந்தயத்தில் ஓடும் ஒன்பது நிறமும் அதன் பிடரியில் காற்றில் ஆடின.

"விதி!" என்றார் உஸ்தாத். குரல் கீச்சிட்டது. "ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒரு விதி. அவனவன் கோப்பையில அவனவன் குதிரை!"

"அப்படியா?" என்றார் வதீஹ் எஃபெந்தி. "அப்ப ஒன்பதும் முதலா வருமா? என் காலம் பூரா ஈயக்கட்டியைத் தூக்கி வச்சு, ஒன்பது குதிரையையும் ஒரே கோட்டுல கொண்டுவரப் பார்த்தேன். முடியல. நீங்க ஒரு காபிக் கோப்பையில முடிச்சுட்டீங்களே! இந்த வேலைக்கு நீங்கதான் வந்திருக்கணும்."

யாரோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னொருவனுக்குத் தொற்றியது.

"இப்ப ஜன்னல் மூடியாச்சு. யாரும் பணம் கட்ட முடியாது. கண்ணு பட்டாலும் யாருக்கும் நட்டமில்லே. ஒரே ஒரு பேர் சொல்லுங்க. உரக்க. எல்லாருக்கும் சேர்த்து ஒரே குதிரை."

உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே இரண்டு சாதாரணக் கண்கள். அவை வெளிவாசலைத் தேடிக்கொண்டிருந்தன.

நஸீப் முன்னால் வந்தான். காது வரை சிவந்திருந்தது. "கோப்பையில குதிரையைக் காணுற கண்ணுக்குத்தான் நான் வார்த்தை குடுத்தேன். அந்த வார்த்தை அப்படியே இருக்கு. அந்தக் கண்ணு இவருக்கு இல்லே." கயிற்றைத் தன் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டான். அண்ணன் தம்பியின் தோளில் கையை வைத்தார், அவ்வளவுதான்.

ஹம்தி உஸ்தாதின் கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டான். பெரியவர் கைத்தடியால் அந்தக் கையைத் தட்டினார்.

"விடு. அவன் உன் பையில கை விடலையே. நீதானே எடுத்துக் குடுத்தே? வாரா வாரம், வரிசையில நின்னு."

பிடி தளர்ந்ததும் உஸ்தாத் ஓடினார். அன்று அந்தத் திடலில் எந்த எடையும் ஏற்றாமல் ஓடியது அவர் ஒருவர்தான்.

அதற்குள் கொடி இறங்கி, பந்தயமும் ஓடி முடிந்துவிட்டது. ஜெயித்தது ஊதா. வக்கீல் இல்யாஸ் துள்ளினார்.

"பலிச்சுது! எனக்குப் பலிச்சுது! எஃபெந்தி, அவர் ஏமாத்துக்காரர்னா எனக்கு மட்டும் எப்படிப் பலிச்சுது? அவரைப் பிடிங்க, போக விடாதீங்க! அடுத்த வாரத்துக்கும் கேட்டு வச்சுக்கணும்!"

வெளிவாசல் பக்கம் ஓடப் போனவரின் குறுக்கே கைத்தடி நீண்டது. கூட்டத்தில் பாதிப் பேர் இல்யாஸின் முகத்தையும், பாதிப் பேர் வாசலையும் பார்த்தார்கள். அந்த இரண்டாம் பாதியைப் பார்த்துத்தான் வதீஹ் எஃபெந்தி பேசினார்.

"ஒன்பது குதிரைக்கு ஒன்பது பேர் இருந்தா ஒருத்தன் ஜெயிச்சுத்தான் ஆகணும். அதுக்கு மகான் எதுக்கு, கோப்பை எதுக்கு? மத்த எட்டுப் பேரும் வாயை மூடிக்கிட்டிருந்தாப் போதும். நீங்க மூடிக்கிட்டிருந்தீங்க. குதிரை முதுகுல எவ்வளவு ஈயத்தை ஏத்தினாலும், எதுக்குன்னு கேட்காமத்தான் ஓடும். கேட்க அதுக்குத் தெரியாது, அது குதிரை. உங்களுக்கு என்ன கேடு?"