கரடியார் கொட்டகைக்கு ரோபோ வந்த கதை

ஒரு காட்டில் கரடியார் ஒருவர் பால் வியாபாரம் செய்துவந்தார். காட்டுக்கு எதற்குப் பால் என்று கேட்பவர்கள், காலை டீ கிடைக்காத புலியைப் பார்த்ததில்லை. ஓட்டுக் கொட்டகை ஒன்று, அதில் செவலை என்றொரு பசு, அவள் முகத்துக்கு நேரே அவளுடைய கன்று. அவ்வளவுதான் அவர் சொத்து.

ஒருநாள் கண்காட்சிக்குப் போனவர், பால் கறக்கும் ரோபோ ஒன்றை வாங்கிவந்துவிட்டார். அது வாசலிலேயே சிக்கிக்கொண்டது. கம்பெனியிலிருந்து கீரி எஞ்சினியர் டேப்போடு வந்தார்.

"கொட்டகை பழசு சார். கொஞ்சம் மாத்தணும்."

வாசலை இடித்தார்கள். ரோபோ நிமிர முடியவில்லை என்று ஓட்டைப் பிரித்தார்கள். திரும்ப முடியவில்லை என்று நடுத்தூணைப் பிடுங்கினார்கள். அப்படியும் ஒரு முழம் போதவில்லை.

"இந்தக் கன்னுக்குட்டியை எடுத்துட்டா சரியாயிடும் சார்," என்றார் கீரி.

செவலை கெஞ்சினாள். "மொதலாளி, கன்னு ரெண்டு முட்டு முட்டினாத்தான் எனக்குப் பால் எறங்கும். மழைக்காலம் வேற, அதை வெளியே கட்டாதீங்க."

"அதெல்லாம் அந்தக் காலம்மா. இதுல சென்சார் இருக்கு," என்றார் கீரி.

கன்றை வேப்பமரத்தடியில் கட்டினார்கள். அது கத்தக் கத்த, செவலை அழுதாள்.

மறுநாள் ரோபோ தீவனம் போட்டது, காம்பைத் தேடிப் பிடித்தது, இழுத்தது. ஒரு சொட்டுகூட வரவில்லை. "மாட்டில் கோளாறு. மாட்டை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கவும்," என்றது இனிமையான பெண் குரலில்.

கரடியாருக்கு ஒரே ஒரு அணைப்புதான் தெரியும். போய்ச் செவலையைக் கட்டி அணைத்தார். கரடி அணைத்தால் எந்தப் பசுவுக்குப் பால் இறங்கும்? அவள் நடுங்கிப்போனாள்.

கீரி வைக்கோலில் ஒரு கன்று செய்து நிறுத்தினார். செவலை அதைத் தின்றுவிட்டாள்.

அதற்குள் டீக்கடையிலிருந்து புலியின் குரல் கேட்டது. "பால் இல்லேன்னா பரவாயில்லப்பா. கரடி இருக்காரா?"

கரடியார் ஓடிப்போய்க் கன்றை அவிழ்த்துவந்தார். உள்ளே இடம் இல்லை. ரோபோவை வேப்பமரத்தடிக்குத் தள்ளினார்கள். கன்று ரெண்டு முட்டு முட்டியது. செவலை அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கினாள். கரடியார் உட்கார்ந்து கையாலேயே கறந்தார். புலிக்கு டீ போனது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

அப்போது வானம் இருட்டியது.

"ஐயையோ, ரோபோ நனைஞ்சா வாரன்ட்டி போயிடும் சார்!" என்று கீரி அலறினார்.

பிரித்த ஓடு, பிடுங்கிய தூண், இடித்த வாசலின் கதவு எல்லாவற்றையும் வைத்து ரோபோவுக்கு ஒரு கொட்டகை கட்டினார்கள். இப்போது பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் அதைப் பார்க்க வருகிறார்கள். கரடியார் பெருமையாகச் சுற்றிக் காட்டுகிறார். பிறகு கூரையில்லாத பழைய இடத்துக்குப் போய், மழையில் நிற்கும் செவலையையும் கன்றையும் ஓரமாக நகர்த்திவிட்டு, தானும் நனைந்துகொண்டே பால் கறக்கிறார்.

நீதி: பழைய கொட்டகையில் புதுமைக்கு எப்போதும் இடம் உண்டு, பால் கொடுப்பவர்கள் கொஞ்சம் நனைந்துகொண்டால் போதும்.