கரண்டு இல்லாத சொதி

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்று, மின்சாரத்தைச் சேமிக்கச் சொல்லிக்கொண்டே போயிற்று. ஊரே கேட்டுவிட்டுத் தன் சோலியைப் பார்த்தது. வன்னியராஜ் மட்டும், அது தன்னைப் பார்த்துத்தான் சொல்லுகிறது என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏளா செல்லக்கிளி, இன்னையிலருந்து இந்த வீட்டுல மிக்ஸி ஓடக்கூடாது."

"ஃபேனு?"

"என் கட்டிலுக்கு மேல கெடக்கதா? அது வேற."

"டிவி?"

"செய்தி பாக்கணும்லா? நாட்டு நடப்பு தெரியாம எப்படிச் சிக்கனம் பண்ணுதது?"

"சரிங்க" என்றாள் செல்லக்கிளி. கல்யாணமான நாள் முதல் அவள் இத்தனை சுருக்கமாகச் சம்மதித்ததே இல்லை. விவரமான ஆளாயிருந்தால் அங்கேயே பயந்திருப்பான். இவர் டீக்கடைக்குப் போய், தன் வீட்டுச் சட்டத்தைப் பற்றி எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டு வந்து, ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறுவீடு. மகள் சுகன்யாவும் களக்காட்டு மாப்பிள்ளை இசக்கிதுரையும் கல்யாணத்துக்குப் பிறகு முதல் விருந்துக்கு வந்து இறங்கினார்கள். மறுவீட்டு இலையில் சொதிக் குழம்பு விழவில்லையென்றால் சம்பந்தி வீட்டில் அந்தப் பேச்சு பேரன் காலம் வரைக்கும் ஓடும். சொதிக்குத் தேங்காய்ப்பால் வேண்டும். பாலுக்குத் தேங்காய் அரைபட வேண்டும்.

செல்லக்கிளி ஒரு சட்டி நிறையத் துருவிய தேங்காயைக் கொண்டுபோய்க் கொல்லையில் அம்மிப் பக்கம் வைத்தாள்.

"ஏங்க, வந்து அரைங்க."

"நானா? நீ என்ன பண்ணுத?"

"எனக்கு அடுப்புல ஆயிரம் வேல கெடக்கு. நீங்க சும்மாதான இருக்கிய?"

"இன்னைக்கு ஒருநா மிக்ஸியப் போட்டுக்கோயேன்."

"அய்யய்யோ! டீக்கட முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கிய. மிக்ஸிச் சத்தம் கேட்டா பக்கத்து வீட்டு மதுமதி சிரிக்க மாட்டாளா? உங்க மானம் என்னாவுது?"

மானம் என்றதும் வன்னியராஜ் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். குழவியைத் தள்ளினால் தேங்காய் இந்தப் பக்கம் வந்தது. இழுத்தால் அந்தப் பக்கம் ஓடியது. இடுப்பு தனியாகக் கழன்று கிடப்பது போலிருந்தது. அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளை கை கழுவ வரவேண்டும்?

"மாமா, நீங்களா அரைக்கிய?"

"ஒண்ணுமில்ல மாப்ள. உடம்புக்கு நல்லதுன்னாக."

பின்னாலேயே வந்த சுகன்யா, "எங்க வீட்டுல அப்பாதான் அரைப்பாக. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள் புருஷனிடம். மாப்பிள்ளை கை கழுவாமலே உள்ளே போய்விட்டார்.

சொதி அமிர்தம். இலையில் ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. சாயங்காலம் பிள்ளைகளை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே வன்னியராஜ் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, நான் சொன்னதயெல்லாம் விடு. நாளையிலருந்து மிக்ஸியப் போட்டுக்கோ."

"எந்த மிக்ஸிய? நமக்குத்தான் ஆகாதேன்னு சுகன்யாகிட்டக் குடுத்து விட்டுட்டேன். காலைல இட்லிக்குச் சட்னி வேணும், வெள்ளன எந்திரிச்சிருங்க."