அப்பாவின் தேயாத ஷூ

சேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
14.2.2006

என் அன்புத் தம்பி ஆல்பர்ட்டுக்கு, உன் அக்கா லீமா ஆசீர்வாதம் சொல்லி எழுதியது. இங்கே எல்லாரும் நலம் என்று முதலில் எழுத வேண்டுமாம், எழுதிவிட்டேன். குவைத்தில் நீ நலமாக இல்லை என்று உன் வூட்டுக்காரி நான்சி பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏறி வந்து அழுதுவிட்டுப் போனாள், அதனால் உன் நலத்தை விசாரிக்கவில்லை. அஞ்சாவதோடு நின்றவள் எழுதுகிற கடுதாசி, எழுத்தைப் பார்க்காதே, விஷயத்தைப் பார். சோறு தின்றுவிட்டுப் படி.

நான்சி என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணி, அவரு சரியா சாப்புடறதே இல்லயாம். 'நடங்கப்பா நடங்கப்பான்னு நான்தான் வெரட்டுனேன், ஷூ வேற வாங்கி அனுப்பிச்சேன், அந்த ஷூவப் போட்டுகிட்டு நடக்கப் போன எடத்துலயே விழுந்து செத்துட்டாரு, நான்தான் கொன்னுட்டேன்'னு பொலம்பறாரு" என்றாள். போன நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அப்பா போனார். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அடக்கத்துக்கு வரவில்லை, அதை ஒருத்தரும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்கு டெலிபோன் பூத்துக்குப் போன் பண்ணுவாயே, அதையும் அன்றோடு நிறுத்திவிட்டாய். அக்கா ஏதாவது கேட்பாள் என்று பயமா? எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை தம்பி. சொல்லத்தான் இருக்கிறது.

நம் பங்கு இளைஞர் சங்கத்து ஜூடு சாரைத் தெரியுமில்லையா, ஸ்கூலில் டிரில் மாஸ்டர். அவர் இந்த வருஷம் தர்ம நடை என்று ஒன்று ஏற்பாடு பண்ணினார். கோயிலில் கிளம்பி செராமிக் கம்பெனிகள் வரைக்கும் நடந்து போய் மறுபடி கோயிலுக்கே வர வேண்டும். முழுசாக நடந்து முடித்தால், நடக்கிறவர் பேரில் தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள், அது சர்க்கரைக்கு ஊசி போட வசதியில்லாதவர்களுக்குப் போகும். செத்துப்போன அப்பா அம்மா நினைவாக நடக்கலாம். வீட்டுக்கே வந்துவிட்டார். "லீமாக்கா, இந்த வருஷம் நடையே உங்கப்பா பேருலதான். சர்க்கரைக்காக நடந்து, நடந்துகிட்டே உயிர விட்டவரு. அவரவிடப் பொருத்தமா யாரு இருக்காங்க?" "சார், எனக்கு மூட்டு வலி, நான் கோயிலுக்கே ஆட்டோவுலதான் போறேன்" என்றேன். "அப்பாவுக்காக" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். உன் மாமா போனதில் இருந்து இந்த வூட்டில் நானும் அப்பாவும்தானே, அவருக்காக என்று கேட்டால் கிணற்றில்கூடக் குதிப்பேன்.

நீ அனுப்பின ஷூவையே போட்டுக்கொண்டு நடப்பது என்று முடிவு பண்ணினேன். அப்பா பாதம் பெரிசா, என் பாதத்துக்கு அது தோணி மாதிரி இருந்தது, பழைய புடவைத் துணியைச் சுருட்டி முன்னால் அடைத்தேன். அடைக்கும்போதுதான் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் நடுக் குழிவில் ஒட்டியிருந்த விலைச் சீட்டுகூட உரியவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் அஞ்சரைக்குப் போட்டுக்கொண்டு போன ஷூ, குதிகாலில் மட்டும் நகத்தளவு தேய்ந்திருந்தது. குவைத்து சாமான் எவ்வளவு கெட்டி என்று மெச்சிக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் பெரிய பேனர். அதில் அப்பா ஓடுகிறார். தலை மட்டும்தான் அப்பா, வோட்டர் கார்டு போட்டோவில் இருக்கிற அதே முழி. கழுத்துக்குக் கீழே எவனோ வெள்ளைக்காரன், அரை நிக்கர், வாழைத்தண்டு மாதிரி கால். பக்கத்து வூட்டுக் காசியம்மாள் வேடிக்கை பார்க்க வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி லீமா, அமிர்தசாமியண்ணனுக்கு இவ்ளோ அழகான காலு எப்படி வந்துச்சு? வேட்டிக்குள்ளயே மறச்சி வச்சிருந்தாரா?" என்றாள். ஜூடு சார் மைக்கைப் பிடித்து, நடைக்காக உயிர் கொடுத்த தியாகி என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள், நான் அழுதேன். ஊர் பூரா கை தட்டினாலும் மனுஷன் திரும்ப வரப் போகிறதில்லை.

நடக்க ஆரம்பித்தோம். பாலக்கரை தாண்டும் முன்னாடியே ஒரு ஷூ கழன்று நடுரோட்டில் நின்றுவிட்டது, எனக்குத் தெரியவில்லை, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் வந்த கரும்பு டிராக்டர்காரன், "யம்மா, உன் தோணி நிக்குது, ஏறிக்கிட்டுப் போ" என்று கத்தினான். ஜூடு சார் ஓடிப்போய் அதை ரெண்டு கையாலும் ஏந்தி, புனிதர் திருப்பண்டம் மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் முட்டி ரெண்டும் அழ ஆரம்பித்துவிட்டது. அந்த ரோட்டில் நான் எப்போது போனாலும், அப்பா எந்த இடத்தில் விழுந்தாரோ, இந்த மரத்தடியா, அந்தக் கல்லாண்டையா என்று பார்த்துக்கொண்டே போவேன். மூணு மாசமாக அந்த ரோட்டோடு எனக்குச் சண்டை. அன்றைக்கும் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

டிபன் கடை பெரியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னாடி லீமா, நடந்து வர்ற?"

"அப்பா நினைவா நடக்கறேன் பெரியம்மா."

"அவரு நெனவாவா? அவரு ஒரு நாளும் நடந்து நான் பாத்ததில்லயே. சூளைக்கார விருத்தகிரி வண்டிக்குப் பின்னால ஒக்காந்துகிட்டு, எறங்காமயே ரெண்டு போண்டா வாங்கிகிட்டுப் போவாரு. சட்னி தனியா கட்டணும், ஷூவுல சிந்தக் கூடாதும்பாரு."

கிழவிக்குக் கண் தெரியவில்லை, வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் சட்னி தனியா கட்டணும் என்பது அப்பா பேசுகிற பேச்சாச்சே என்று உள்ளே குடைந்துகொண்டே இருந்தது.

செராமிக் கம்பெனி வாசலில் விருத்தகிரி அண்ணன் நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு சூளையில் வேலை பார்த்தவர், அப்பா விழுந்துட்டாரு என்று அன்றைக்கு வந்து சொன்னவரும் அவர்தான். என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணே, பெரியம்மா என்னமோ சொல்லுது. அப்பா நடந்தாரா, இல்லயா?"

"சத்தியம் வாங்கிட்டாரு தங்கச்சி."

"செத்தவரு வாங்குன சத்தியம் இருக்கட்டும். உசுரோட இருக்கறவ கேக்கறேன்."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தினமும் காலையில் நம் தெரு முனையில் டிவிஎஸ் வண்டியோடு அண்ணன் நிற்பாராம். அப்பா தெருவில் கை வீசிக்கொண்டு வேகமாக நடப்பார், அதை நானே பார்த்திருக்கிறேன், முனை திரும்பியதும் வண்டியில் ஏறிக்கொள்வாராம். கம்பெனிக்கு வந்து சூளைச் சுவரின் கதகதப்பில் முதுகைச் சாய்த்து பெஞ்சில் உட்கார்ந்து, போண்டா தின்று, டீ குடித்து, ஊர்க் கதை பேசிவிட்டு, மறுபடி அதே வண்டியில் வந்து தெரு முனையில் இறங்குவாராம். இறங்கி அங்கே குழாயடியில் தண்ணீரை அள்ளி நெற்றியிலும் சட்டை முதுகிலும் தெளித்துக்கொள்வாராம். தம்பி, அந்தச் சட்டையை நான் தினமும் துவைத்தேன். பாவம் மனுஷன் இந்த வயசில் இப்படி வேர்க்க வேர்க்க நடக்கிறாரே என்று அதற்காகவே ராகிக் கஞ்சியில் மோர் அதிகமாக ஊற்றிக் கொடுத்தேன்.

"கடைசி அன்னைக்கி?" என்று கேட்டேன்.

"ஒக்காந்துதான் இருந்தாரு. கால ரெண்டையும் தூக்கி ஸ்டூல் மேல வச்சிகிட்டு. எப்பவும் அப்டித்தான், களிமண்ணு மாவு ஷூவுல படக் கூடாது. 'எம்மவன் அனுப்பிச்சது விருத்தகிரி, தரையில வெக்க மனசு வரல'ன்னாரு. சிரிச்சிகிட்டுத்தான் இருந்தாரு. நான் டீ ஊத்திகிட்டுத் திரும்புனேன், டம்ளர வாங்கல. தூங்கறாருன்னு நெனச்சேன்."

"நடக்கறப்ப விழுந்தாருன்னு ஏன் சொன்னீங்க?"

"யாரு கேட்டாலும் நடந்துகிட்டிருந்தேன்னு சொல்லுடான்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கியிருந்தாரே. செத்துட்டா சத்தியம் போயிடுமா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். சுவர் கதகதவென்று இருந்தது. அப்பா முதுகு பட்ட இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பேனர் ஞாபகம் வந்துவிட்டது, அந்த வாழைத்தண்டுக் கால். சிரித்தேன் தம்பி. நவம்பரில் இருந்து சிரிக்காத சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது, அழுகையும் அதிலேயே கலந்து வந்தது, விருத்தகிரி அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தார். அப்பா ரோட்டில் அநாதை மாதிரி விழவில்லை. கதகதப்பான இடத்தில், சினேகிதக்காரர் பக்கத்தில், உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டு போயிருக்கிறார். ரோட்டோடு என் சண்டை தீர்ந்தது.

அதற்குமேல் என் முட்டி எழும்பவில்லை. "அண்ணே, வண்டிய எடுங்க" என்றேன். கோயில் தெரு முனையில் இறங்கி, குழாயடியில் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, கை வீசி நடந்து போனேன். மேளம் அடித்தார்கள். அப்பா நினைவு நடையை அப்பா மாதிரியே முடித்தேன். பரிசு ஒரு செராமிக் பொம்மை, கிறிஸ்மஸ் குடிலில் வைக்கிற இடையர், தோளில் ஆட்டுக்குட்டி. புது அச்சு செய்ய நேரமில்லை என்று அதற்கே வெள்ளை ஷூ வரைந்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. ஊசிக்கு என்று கொடுத்தவர்களை ஏமாற்றக் கூடாது இல்லையா? திங்கட்கிழமை விடியலில் போய் மீதித் தூரத்தை நடந்து முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. ஒரு நாய் மட்டும் கூட வந்தது.

ஆகையால் தம்பி, நீ கொல்லவில்லை. உன் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால்தானே நீ கொன்றதாக ஆகும்? அவர் ஒரு அடிகூட நடக்கவில்லை. நடந்திருந்தால் இன்னும் இருந்திருப்பாரோ என்று அடுத்ததை ஆரம்பிக்காதே, டாக்டரையும் கேட்டுவிட்டேன், "அந்த நெஞ்சு ஒக்காந்தாலும் நிக்கும், நடந்தாலும் நிக்கும்மா" என்றார். ஷூவை நான்சியிடம் கொடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன், அடிப்பக்கத்தைத் திருப்பி நீயே பார். அந்த நகத்தளவு தேய்வு, விருத்தகிரி அண்ணன் வண்டியில் கால் வைத்துத் தேய்ந்ததாக இருக்கும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் முள்ளாகக் குத்துகிறது. வாராவாரம் போனில், நடந்தியாப்பா, ஷூ போட்டியாப்பா என்று நீ கேட்பாய், அவரும் ஆமாம் என்பாராமே. காலையில் பூசையில் நற்கருணை வாங்கின நாக்காலேயே பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லியிருக்கிறாரே என்பதுதான். அதைச் சேசு மன்னிப்பார், நாமும் மன்னிப்போம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டாமல் போகாதே. மாதா உன் தலைமாட்டிலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
லீமா

பின்குறிப்பு: கவரில் இங்கிலீஷில் விலாசம் எழுதி வாங்க ஜங்ஷன் பக்கம் பூத்து ஆன் மேரியிடம் வந்தேன். விஷயம் என்ன என்றாள், சொன்னேன். சிரித்துவிட்டு, "அக்கா, ஒண்ணு தப்பா எழுதிட்டீங்க. ஞாயித்துக்கெழம அவரு நடந்துதான் வருவாரு" என்றாள். பூசை முடிந்து நான் ஆட்டோவில் கிளம்பியதும் மஞ்சப் பையில் இருந்து ஷூவை எடுத்துக் கோயில் படியிலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டு, அங்கிருந்து இவ்வளவு தூரமும் நடப்பாராம். விருத்தகிரி அண்ணன் வண்டியோடு வந்தாலும் ஏற மாட்டாராம். நம் தெருவிலேயே ரெண்டு பூத்து இருக்கும்போது ஏன் இங்கே வருகிறீர்கள் என்று இவள் கேட்டாளாம். "போன எடுத்ததும் மவன் நடந்தியான்னு கேப்பான். பூசையில நன்மை வாங்குன வாயி, ஆமான்னு சொல்லணும்னா நடந்துட்டுத்தானே சொல்லணும்?" என்றாராம். உன்னிடம் இங்கேதான் லைன் கிளியராக இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தாராமே. அதனால் மேலே அவர் நடக்கவில்லை, பொய் சொன்னார் என்று நான் எழுதியதை எல்லாம் அடித்துவிடு. வாரம் ஒரு நாள் நடந்தார், அதில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த வாரமும் நடந்தார். அந்த நகத்தளவு தேய்வு உனக்காகத் தேய்ந்தது. ஷூவையும் அனுப்பவில்லை, எனக்கு வேண்டும். இந்தக் கடுதாசி கிடைத்ததும் வருகிற ஞாயிறு எப்போதும் பண்ணுகிற நேரத்துக்கே இந்தப் பூத்துக்குப் போன் பண்ணு. எடுத்ததும் அதையே கேள். நான் நடந்து வந்து நிற்பேன்.