ஈரப்பதச் சேகரிப்பு அமைப்பு

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் விமானப் பயிற்சி நிலையம். அங்கிருந்த ஒரே குட்டி விமானத்துக்கு வருடாந்திரப் பராமரிப்பு இனிதே நடந்தேறியது. அறுபத்திரண்டு இடங்களில் கையெழுத்திட்டு, "எரிபொருள் கசிவு எங்கும் இல்லை" என்று சான்றளித்தவர் தலைமைப் பொறியாளர் அர்த்தநாரி. மை காய்வதற்குள் இடது இறக்கையின் அடியில் பெட்ரோல் சொட்டத் தொடங்கியது.

முதலில் பார்த்தவர் விமானி ஷாஹிஸ்தா.

"சார், இங்க பாருங்க. நீலமா சொட்டுது."

"ஏசித் தண்ணியா இருக்குமுங்க மேடம்."

"இதுல ஏசியே கிடையாதே சார்."

அர்த்தநாரி குனிந்து, தொட்டு, முகர்ந்தார். விமானத்துக்கு ஊற்றும் நீல நிறப் பெட்ரோலேதான். மறுநாள் காலை முதலாளி சென்னியப்பன் கொல்லிமலையை மேலிருந்து பார்க்கக் குடும்பத்தோடு வருகிறார். தரையைத் துடைத்தால் ஒழுகல் நிற்காது என்று அர்த்தநாரிக்குத் தெரியும். இருந்தாலும் நான்கு முறை துடைத்துப் பார்த்தார்.

பிறகு தர அதிகாரி குமாரசாமியிடம் போனார். அவர் கோப்பைப் புரட்டினார்.

"கசிவு இல்லைன்னு எழுதுனது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப இது கசிவு இல்லீங்க."

"சொட்டுதுங்களே!"

"சொட்டட்டுமுங்க. ஃபாரத்துல சொட்டலையே."

லைசென்ஸ் போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த அர்த்தநாரிக்கு அந்த நியாயம் தேனாக இனித்தது. "இறக்கையின் அடியில் அவ்வப்போது ஈரப்பதம் காணப்படுகிறது, பருவநிலை காரணமாக இருக்கலாம்" என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கீழே ஒரு வாளியை வைத்து, "ஈரப்பதச் சேகரிப்பு அமைப்பு" என்று சீட்டும் ஒட்டினார்கள்.

ஷாஹிஸ்தா அதை நிதானமாக வாசித்தார்.

"சரிங்க சார். காலையில புறப்படறேன். பக்கத்து சீட்டுல நீங்க வந்து உக்காந்துக்கங்க."

அந்த நொடியில் ஈரப்பதம் மறுபடி பெட்ரோலாகிவிட்டது.

அர்த்தநாரி டாங்கியின் அடிப்பக்கத்தைத் துடைத்து உலர்த்தி, முதல் துளி எங்கே எட்டிப்பார்க்கிறது என்று டார்ச்சோடு காத்திருந்தார். வடிகால் வால்வில். டாங்கியைக் காலி செய்து வால்வைக் கழற்றினால், உள்ளே பழைய ரப்பர் வளையம் அப்பளமாக விறைத்து விரிசல் விட்டிருந்தது. மாட்டிவிட்டதாக அவர் எழுதியிருந்த புது வளையமோ, உறைகூடப் பிரியாமல் அவருடைய டூல் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. வெட்கத்தோடு அதை மாட்டினார். டாங்கியை நிரப்பி இரண்டு மணி நேரம் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"தப்பு என்னுதுதானுங்க. சரி பண்ணிட்டேன்" என்றார் குமாரசாமியிடம்.

குமாரசாமி பதறிப்போனார். "இல்லாத கசிவை யாரைக் கேட்டுங்க சரி பண்ணுனீங்க?"

முறைப்படி உத்தரவு வந்தது. அனுமதியின்றி ஈரப்பதத்தை அகற்றிய அர்த்தநாரிக்கு மூன்று நாள் மறுபயிற்சி. வகுப்பெடுக்கத் தகுதியுள்ளவர் நிலையத்தில் ஒருவர்தான். அவர் அர்த்தநாரி.

பலகையருகே நின்று கேள்வி கேட்டார். பெஞ்சில் போய் உட்கார்ந்து பதில் சொன்னார். மூன்றாம் நாள் பரீட்சை. விடைத்தாளைத் திருத்தும்போது, வால்வு பற்றிய பதில் தப்பு என்று தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தேர்ச்சி" என்று கையெழுத்திட்டார். மேற்பார்வையாளர் இடத்தில் குமாரசாமி வாசிக்காமல் போட்டார். சாட்சி இடத்தில் ஷாஹிஸ்தாவும் போட்டார்; பாவம், அவருக்குக் காபி ஆறிக்கொண்டிருந்தது.